ராஜாவின் ஒரே பாய்ச்சல்

சதுரங்கத்தில் யாராவது விதியை மீறிக் காயை நகர்த்திவிட்டால், அதைப் பழைய இடத்திலேயே வைத்து, தொட்ட அதே காயை முறைப்படி நகர்த்தி ஆட்டத்தைத் தொடர வேண்டும். தோற்றதாக எழுதுவதற்கு அந்தக் காலத்து விதியில் இடமே இல்லை. வாழ்நாளெல்லாம் அரசு அலுவலகத்தில் விதிகளை எடுத்துக்காட்டியே சம்பளம் வாங்கியவள் நான். இதை இப்போது அடி பிசகாமல் சொல்வேன். புத்தூரில், பினாயில் நெடியடித்த அந்தப் பள்ளிக்கூட ஹாலில், அப்பாவுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது.

ராஜா எந்தப் பக்கமும் ஒரு கட்டம்தான் நகரலாம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ராஜாவுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. "ராஜான்னா சும்மாவா? செக் வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாண்டிக்கலாம்" என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். யானையைத் துணைக்கு வைத்துக் 'கோட்டை கட்டுவது' என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அக்கா அந்தத் தாண்டலைக் கடைசிவரை சேமித்து வைத்திருந்து, அப்பா வளைத்துப் பிடிக்கப்போகும் நேரத்தில் எடுப்பாள். "அடிப்பாவி, மறுபடியும் ஓடிட்டான்டி உன் ராஜா!" என்று அவர் தலையில் கைவைத்துக்கொள்வார்.

அக்கா பள்ளியிறுதி முடித்த கோடையில் காட்டூரிலிருந்து வரன் வந்தது. அவள் காலேஜுக்குப் போகவேண்டும் என்றாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா தாமாக ஒரு விதி போட்டார். "மாவட்டப் போட்டியில ஜெயிச்சுட்டு வா. ரெண்டு வருஷத்துக்கு யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டாங்க."

இறுதி ஆட்டம்வரை அவளுக்குத் தாண்டவேண்டிய தேவையே வரவில்லை. இறுதி ஆட்டத்தில் எதிரி நெருங்கி வந்ததும், ராஜாவைத் தூக்கிக் குதிரைப் பாய்ச்சலில் ஓரத்துச் சிப்பாய்களுக்கு நடுவே பத்திரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

எதிரே இருந்த பெண் கையைத் தூக்கினாள். நடுவர் வந்து பலகையைப் பார்த்தார்.

"என்னம்மா இது? ராஜா பாண்டி ஆடுறாரா?"

"எங்க வீட்ல இப்படித்தாங்க சார்."

ஹாலே சிரித்தது. "அப்ப வீட்லயே ஆடிக்கம்மா" என்று சொல்லி, தோல்வி என்று எழுதிவிட்டார். அப்பா எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவர் எந்த விதியைக் காட்டி வாதாடுவார்?

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. அக்காதான், "காட்டூர்க்காரங்களை வரச்சொல்லிடுங்கப்பா" என்றாள்.

அப்பா மறுநாளே விதிப்புத்தகம் ஒன்றைத் தேடிப்பிடித்துப் படித்து, போட்டி நடத்திய சங்கத்துக்கு மேல்முறையீடு எழுதினார். அது தவறு செய்த நடுவரின் மேஜைக்குத்தான் முதலில் விளக்கம் கேட்டுப் போகும். அங்கே ஆற அமர உட்காரும். அப்படி உட்கார்ந்த காகிதங்களைப் பின்னாளில் நானே நிறையப் பார்த்திருக்கிறேன். ஆவணியில் கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகும் அப்பா தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றார். என்னை நான் கேட்டமட்டும் படிக்கவைத்தார். ஆனால் என்னோடு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. குதிரை மாதிரித் தாண்டும் ராஜாவைத் தெரிந்தவர்கள் நானும் அக்காவும்தான். போன மாதம் காட்டூர் போனபோது, அக்கா பேத்தியின் போனில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தாள். ராஜாவை விரலால் இழுத்துத் தாண்டவிட்டாள். அது சத்தமில்லாமல் தன் கட்டத்துக்கே திரும்பியது.

"பாருடி, பழைய இடத்துலயே கொண்டுவந்து வச்சிடுது" என்றாள். "யாரும் சிரிக்கல."

சங்கத்தின் பதிலை நான் அவளிடம் இதுவரை சொன்னதில்லை. அப்பா சொல்லவேண்டாம் என்றார். ஆட்சேபம் ஏற்கப்பட்டது, அந்த ஆட்டத்தை மீண்டும் ஆட வீராங்கனையை அனுப்பிவைக்கவும் என்று இரண்டே வரி. அது வந்தது அக்காவின் தலை ஆடியில், காவிரியில் அம்மாமண்டபப் படித்துறையில் அவளுக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக் கட்டிய ஆடிப்பெருக்கு அன்று.