பழியை ஏற்றுக்கொண்ட ஞானசிகாமணி உபதேசியார்

வெள்ளிக்கிழமை காலை பால் கொண்டுவந்த பங்கஜாட்சி வாசலில் நின்று சொன்னாள்: "அம்மச்சி, உங்க உபதேசியார் தவறிப் போயிட்டாரு." உள்ளேயிருந்து என் கணவர், "நமக்கு ஏது உபதேசியார்?" என்றார்.

பாறசாலைக்குக் கிழக்கே, எங்கள் பழைய மிஷன் சபையில் ஆராதனை நடத்தி நெடுநாள் உபதேசியாராக இருந்தவர் ஞானசிகாமணி. நாங்கள் அதை விட்டு பெந்தெகொஸ்தே ஜெபக்கூடத்துக்குப் போனபோது, ஞாயிறு ஆராதனையில் எங்கள் பெயரை வாசித்து சபைப் பதிவிலிருந்து நீக்கியவரும் அவரே. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். அதை நான் மன்னிக்கவில்லை. எழுதாமல் விடவும் மாட்டேன்.

பிறகு சர்க்காரின் சிகிச்சைக் காப்பீட்டு அட்டையைக் கைரேகை வைத்துப் புதுப்பிக்க சபை மண்டபத்தைத் திறந்து கொடுத்தார். இந்துக் குடும்பங்களும் வரிசையில் நின்றன. சபையார் சிலர் முணுமுணுத்தபோது, "நோவு ஞானஸ்நானம் கேட்டிட்டா வருது?" என்றாராம்.

எங்கள் ஜெபக்கூடத்தார் மட்டும் போகவில்லை. எண்ணும் கைரேகையும் சேர்ந்தால் வேதத்தில் சொன்ன மிருகத்தின் முத்திரை, வாங்கினவனுக்கு நரகம் என்பது அங்கே போதனை. என் கணவரும் அதையே பிடித்துக்கொண்டார். அவருக்கு நெஞ்சுவலி தொடங்கியிருந்த காலம் அது.

உபதேசியார் சந்தையில் என்னை நிறுத்தினார்.

"வீட்டுல ஒருத்தர் விரல் வச்சா போதும். இன்னைக்கோட முடியும், கேட்டியா?"

"அவரு அறிஞ்சா என்ன வீட்டுல ஏத்தமாட்டாரு."

"நான் சொல்லமாட்டேன், மக்கா."

மீன் வாங்கிய கையோடு போனேன். இயந்திரம் ரேகையை எடுக்கவில்லை. "மிருகத்துக்கு அயிலை மணம் பிடிக்கல்ல போல. கையக் கழுவிட்டு வா," என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் கணவருக்குத் திருவனந்தபுரத்தில் இதய அறுவை நடந்தது. அட்டை இருந்ததால்தான் நடந்தது. தேறியதும், "யாரு விரல் வச்சா?" என்று கேட்டார். பார்க்க வந்திருந்த உபதேசியார், "எல்லாம் நான் செய்ததாக்கும். அவளக் கேக்காத," என்றார்.

"அன்னைக்குப் பேர வெட்டினீரு. இன்னைக்கு மிருகத்துக்கு எழுதிக் குடுத்தீரு," என்று கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பின் அவரோடு பேசவே இல்லை. ஜெபக்கூடத்திலும் உபதேசியாரைப் பழித்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

பங்கஜாட்சி போனதும் கணவரிடம் சொன்னேன்: "விரல் வச்சது நானாக்கும்."

அவர் எழுந்து, "வெள்ளச் சட்டை எங்க?" என்றார்.

அடக்கத்துக்கு வந்தும் சபைக்குள் அவர் ஏறவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் விலகியபின் வந்து ஒரு பிடி மண் போட்டார்.

உபதேசியாரே, உங்கள் மேல் கிடந்த பழியை என் வாயாலேயே எடுத்துவிட்டேன். சமாதானமாகப் போங்கள்.