நாற்பத்தொரு பேர்

நான் கல்யாணமாகிப் போடிநாயக்கனூருக்கு வந்த இரண்டாவது வருடம் நடந்தது இது. எண்பதுகளின் நடுப்பகுதி. சித்திரை பிறந்தும் மலையில் ஒரு சொட்டு மழை இல்லை.

எங்கள் வீட்டுக்கு ராசிங்காபுரத்தில் கொஞ்சம் வயலும், போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டமும் இருந்தன. மாமனார் இளவயதிலேயே போய்விட்டார். அதன் பிறகு எல்லாவற்றையும் கட்டிக் காத்தவர் என் மாமியார்தான். ஜீப் டிரைவரிலிருந்து ஏலக்காய் வியாபாரி வரை அவர் முன்னால் யாரும் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. எனக்கும் அவரிடம் பயம்தான்.

கோடை மழை பொய்த்தால் ஏலச்செடி காய்ந்துவிடும். செடி காய்ந்தால் தோட்டத்தில் வேலை இருக்காது. வேலை இல்லாத மாதங்களிலும் தோட்டத்துக்குள் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் இருக்கும் வேலையாட்களுக்கு வாரா வாரம் ஜீப்பில் அரிசி ஏற்றி அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வருடம் என் வீட்டுக்காரர், மேல் லயத்துக் குடும்பங்களுக்கு மட்டும் அரிசியை நிறுத்திவிடலாம் என்று யோசனை சொன்னார். மழை வந்ததும் புதுக்கன்று நடுவதற்குக் கையில் ஏதாவது மிச்சம் வேண்டுமே என்றார். மாமியாரும் சரியென்று தலையாட்டினார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கப்பலில் வேலை பார்த்த என் கொழுந்தனார் அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் லீவில் வந்துபோயிருந்தார். வரும்போது ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். டைப்ரைட்டரின் முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்தது போல இருக்கும். இலங்கை ஒளிபரப்பைப் புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொண்டிருந்த எங்கள் டிவியோடு அதை இணைத்து, டேப்ரிக்கார்டரில் ஒரு கேசட்டை ஓடவிட்டால், கொஞ்ச நேரம் கீச்சுக்கீச்சென்று கத்தும். பிறகு விளையாட்டு வரும். திரும்பிப் போகையில் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அந்த விளையாட்டில் படமே கிடையாது, இங்கிலீஷ் வரிகள்தான். ஆடுகிறவர் ஒரு நாட்டுக்கு ராஜா. களஞ்சியத்தில் இத்தனை மூட்டை தானியம் இருக்கிறது என்று சொல்லும். அதில் ஜனங்கள் சாப்பிட எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, நிலம் வாங்க எவ்வளவு என்று நாம் பிரித்துச் சொல்ல வேண்டும். மறுவருடம் என்ன ஆயிற்று என்பதை அது சொல்லும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அதை ஆடிக்கொண்டிருப்பேன். "என்னத்த லொட்டு லொட்டுன்னு தட்டிக்கிட்டிருக்க?" என்று கேட்டபடி மாமியார் ஒருநாள் பின்னால் வந்து நின்றார். விளக்கினேன். விதை, சாப்பாடு, நிலம் என்றதும் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் படித்துச் சொல்வேன், அவர் முடிவு சொல்வார், நான் தட்டுவேன். என் பட்டப்படிப்பெல்லாம் அவருக்கு முன்னால் நிற்கவில்லை. அவருடைய நாடு வருடத்துக்கு வருடம் பெருத்தது. அப்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. அதைப் பார்ப்பதற்காகவே நான் மத்தியானத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

பிறகு விளையாட்டில் ஒரு வருடம் மழை இல்லை. களஞ்சியத்தை எலி தின்றுவிட்டது. இருப்பதைச் சாப்பாட்டுக்கே கொடுத்தால் விதைக்கு மிஞ்சாது. மாமியார் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"வெதையத் தொடாத. சாப்பாட்டுல கொற தாயி."

தட்டினேன். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. நான் சிரித்துக்கொண்டேதான் படித்தேன்.

"அத்த, இந்த வருசம் நாப்பத்தொரு பேரு பட்டினியில செத்துட்டாகளாம்."

திரும்பிப் பார்த்தேன். மாமியார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன பேரு?"

"நாப்பத்தொண்ணு."

"அந்த வருசத்துக்குத் திருப்பு. சாப்பாட்டுக்கே எல்லாத்தையும் குடுத்துருவோம்."

"திருப்ப முடியாது அத்த. வேணும்னா மொதல்ல இருந்து ஆடலாம்."

"மொதல்ல இருந்து ஆடுனா செத்தவுக என்ன ஆவாக?"

"வெளையாட்டுதான அத்த" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலம் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றார். மறுநாளும் தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிட்டார். வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "அம்மா அத நெசம்னு நெனச்சிருச்சா?" என்று அவர் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இன்றுவரை அந்தச் சிரிப்பு என் காதில் கேட்கும்போது கூசுகிறது.

மூன்றாம் நாள் காலையில் மாமியார் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். கிணற்றடியில் நின்றுகொண்டே பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமனார் இறந்த மறுவருடமும் இதே மாதிரி மழை பொய்த்ததாம். எழுபதுகளில். கையில் ஒன்றும் இல்லை, பிள்ளைகள் சின்னவர்கள். அப்போது மாமியார்தான் மேல் லயத்துக்கு அரிசியை நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்தக் குடும்பங்கள் மலைக்கு அந்தப் பக்கம் வேலை தேடி நடந்து போயின. மிச்சம் பிடித்ததை வைத்துக் கன்று நட்டுத் தோட்டத்தை நிமிர்த்தினார். நாங்கள் சாப்பிடும் சோறெல்லாம் அந்தக் கன்றுகள் கொடுத்ததுதான்.

"போனவுக என்ன ஆனாகன்னு நான் கேக்கல தாயி. யாரும் வந்து சொல்லவும் இல்ல. தெரியாமலே இருந்துட்டேன். இந்தப் பொட்டிதான் கேக்காமலே சொல்லிப்புடுச்சு."

அன்றே மலைக்குப் போக ஜீப்பை வரச் சொன்னார். என்னையும் ஏறச் சொன்னார். மேல் லயத்துக்கு அரிசி நிறுத்த வேண்டாம் என்று கிளம்பும்போது மகனிடம் சொன்னார். அவர் கோபப்பட்டார். "ஒரு வெளையாட்ட வச்சா முடிவு எடுக்குற? மழ வராமப் போனா நாம என்ன செய்ய?"

"வெளையாட்டுல எடுத்த முடிவுக்கே எனக்குச் சோறு எறங்கல அப்பு" என்றார் மாமியார். ஜீப்பில் ஏறிவிட்டார்.

வளைவுகளில் ஜீப் ஏற ஏற, இரு பக்கமும் காய்ந்த சரிவுகள். எப்போதும் முன்சீட்டில் நிமிர்ந்து உட்காருகிறவர், அன்று கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

தோட்டத்தில் வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளும் கங்காணி அந்தக் காலத்திலிருந்தே இருப்பவர். அந்த வருடம் போனவர்களைப் பற்றி மாமியார் கேட்டதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் எதுக்கு ஆத்தா இப்ப? பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் தோட்டத்துல சோலி கெடச்சுப் போச்சு."

"மிச்சம்?"

"மூணு பேரு தவறிப் போனதாக் கேள்வி. ஒண்ணு சின்னப் பிள்ள. அதோட அம்மா அடுத்த வருசமே திரும்பி வந்துருச்சு. இங்கதான் மேல் லயத்துல இருக்கு."

இத்தனை வருடமாக அந்தம்மா எங்கள் தோட்டத்தில்தான் காய் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். மாமியார் அவரை எத்தனையோ தடவை பார்த்திருப்பார். சம்பளம்கூடத் தன் கையால் கொடுத்திருப்பார்.

கங்காணி வீட்டைக் காட்டினார். அந்தம்மா வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். மாமியார் அவர் முன்னால் நின்றார். கேட்டார்: "ஒம் பிள்ள பேரு என்ன தாயி?"

எந்தப் பிள்ளை என்று அந்தம்மா கேட்கவில்லை. சட்டென்று புரிந்துவிட்டது. பேரைச் சொன்னார். பெண் குழந்தை. வழியில் கொட்டகையில் தங்கியிருந்தபோது காய்ச்சல் வந்ததாம், கொடுக்கக் கஞ்சிகூட இல்லையாம். அழாமல்தான் சொன்னார். மாமியார் அந்தப் பேரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அந்தம்மாவின் கையைப் பிடிக்கப் போனார். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கோபமாக இல்லை, மெதுவாக.

"இப்பக் கேட்டு என்னத்தா செய்யப் போறீக? மேல் லயத்துக்கு அரிசிய நிறுத்தப் போறதாப் பேசிக்கிறாக. வருமா வராதா, அதச் சொல்லுங்க."

"வரும்" என்றார் மாமியார்.

அந்தம்மா தலையை ஆட்டிவிட்டு மறுபடி சுள்ளி ஒடிக்க உட்கார்ந்துவிட்டார். மன்னிப்பு என்று ஒன்று அங்கே நடக்கவில்லை. நாங்கள் திரும்பி நடந்தோம். ஜீப்பில் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

மழை அந்த வருடம் ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. அதுவரை மேல் லயத்துக்கு அரிசி போனது. அதற்காக ராசிங்காபுரத்து வயலில் ஒரு பகுதியை விற்க வேண்டி வந்தது. வீட்டுக்காரர் மாசக்கணக்கில் தன் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் மாமியார் மேல் லயம் வரை நடந்து போய் வருவார். அந்தம்மா மரியாதையாக எழுந்து நிற்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்களுக்குள் ஒன்றும் வளரவில்லை. அதை மாமியார் எதிர்பார்த்ததாகவும் எனக்குத் தெரியவில்லை.

மாமியார் காலமான பிறகு தோட்டப் பொறுப்பு என்னிடம் வந்தது. இல்லாத ஜனங்களுக்காக ஒருவர் சாப்பிடாமல் கிடந்ததை வேடிக்கை என்று நினைத்தவள் நான். யாரோ நாற்பத்தொரு பேருக்கு இரங்கியதால்தான் இருக்கிற ஜனங்கள் அவர் கண்ணில் பட்டார்கள் என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. நஷ்ட வருடங்களில் நானும் ஆட்களைக் குறைக்க வேண்டி வந்திருக்கிறது. அப்படி அனுப்பியவர்களைச் சில மாதம் கழித்துத் தேடிப் போய், எப்படி இருக்கிறார்கள் என்று நேரில் கேட்டுவிடுவேன். பெரும்பாலும் நல்ல பதில்தான் கிடைக்கிறது. ஆனாலும் அவர்கள் வீட்டு வாசல் கண்ணில் படும்வரை எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அந்தப் பயம் இல்லாத நாள் வந்துவிடக் கூடாது என்றும் இருக்கிறது.