சடையப்பன் அடைத்த ஓடை

கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மண், மீதிக்குத் தண்ணீர். மூடியை இறுக்கிக் குலுக்கி, டீக்கடை மேசையில் நிறுத்துகிறார் சடையப்பன். மற்றவர்களின் டீ ஆறுகிறது. "பாத்துகினே இருங்க. பருமணலு மொதல்ல எறங்கும். அப்பறம் பொடிமணலு. களி இருக்கே, சாயங்காலம் வரைக்கும் எறங்காது. திமிரு புடிச்சது." திமிர் களிக்கு மட்டுமில்லை என்பதுபோல் கடைக்காரர் பாட்டிலை ஓரமாக நகர்த்துகிறார்.

சுரங்கத்தில் சர்வேக்காரர்களுக்குக் கோல் பிடித்து நிற்பதுதான் இவருக்கு முப்பது ஆண்டு வேலை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து, நிலத்தை அளந்ததே இவர்தான் என்று ஆகிவிட்டது. மந்தாரக்குப்பத்தின் கடைசித் தெருவில் சொந்த வீடு. மே மாதக் காற்று வாசலில் சேர்க்கும் புழுதியை மனைவி கனகம் பெருக்கக் கூடாது. "எந்தத் தெசையிலருந்து வந்துதுன்னு பாக்காம பெருக்கிட்டா எப்புடி?" அவர் குளிக்கப் போகும் வரை கனகம் துடைப்பத்தை மறைத்து வைத்திருப்பார்.

தெருவுக்குப் பின்னால் ஒரு செம்மண் மேடு. மழை அரித்து அரித்து அதில் ஆளுயரப் பள்ளங்கள். பள்ளங்களின் தண்ணீரெல்லாம் வந்து சேர்வது இவர் வீட்டை ஒட்டிய ஓடையில். பத்து மாதம் காய்ந்து கிடக்கும் ஓடை சும்மா கிடப்பதாக இவருக்குத் தோன்றிவிட்டது. போன ஆடியில் நாலு டிப்பர் களிமண் கொட்டி, நிரவி, மல்லிகை வைத்தார்.

பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் சின்னம்மாள் பள்ளிச் சீருடை தைப்பவர். வேலியோரம் வந்து கேட்டார்: "அண்ணே, மழ வந்தா தண்ணி எப்புடிங்க போவும்?"

"மண்ணுல எறங்கிடும்மா. நான் மண்ணப் பாத்தவன்."

களிமண்ணில் தண்ணீர் இறங்காது என்று அன்று காலைதான் டீக்கடையில் அரைமணி நேரம் விளக்கியிருந்தார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மேட்டிலிருந்து இறங்கிய செந்தண்ணீர் மல்லிகைப் பாத்தியில் முட்டியது; நின்றது; பிறகு சின்னம்மாள் வீட்டுக்குள் போனது. மழை விட்டபோது தையல் மெஷினின் மிதிபலகை சேற்றுக்குள் இருந்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய வெள்ளைச் சட்டைகள் செங்கல் நிறத்தில் மிதந்தன.

சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். குனிந்து ஒரு சிட்டிகைச் சேற்றை எடுத்து விரலில் தேய்த்தார். "பாத்தியாம்மா, சன்னமானதுதான் இவ்ளோ தூரம் வந்துருக்கு. பருமணலு அங்கியே நின்னுடுச்சி."

சின்னம்மாள் நனைந்த சட்டை ஒன்றைப் பிழிந்தபடி நிமிர்ந்தார். "தொண்ணூறு சட்டைங்கண்ணே. புள்ளைங்க நாளைக்கு இன்னாத்தப் போட்டுகினு போவும்?"

சடையப்பன் விரலில் இருந்த சேற்றை வேட்டியில் துடைத்தார்.

பின்னால் மண்வெட்டி விழும் சத்தம். கனகம் மல்லிகைச் செடிகளோடு சேர்த்துப் பாத்தியைக் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏய், வேரு போயிடும்டி!"

"போவட்டும். பேசுனது போதும், உள்ள போயி அள்ளுங்க."

வெட்டிய வழியில் தண்ணீர் சலசலவென்று இறங்கிப் போனது. இரும்புச் சட்டி நிறையச் சேற்றை அள்ளித் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார் சடையப்பன். இடப்பக்கம் திரும்பினார். வலப்பக்கம் திரும்பினார். எங்கே கொட்டுவதென்று தெரியாமல், காதோரம் சேறு வழிய, அப்படியே நின்றார்.