அம்மா வளர்த்த பேன்கள்

தன் வாழ்நாளில் ஓர் உயிரையும் வளர்த்ததில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வார். கோழி முற்றத்தை அசிங்கப்படுத்தும், நாய் மயிர் கொட்டும், ஆட்டுக்குக் குழை ஒடிக்க ஆளில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் என் தலையில் அவர் வளர்த்தெடுத்த ஒரு பரம்பரையை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்.

அப்போது நான் சாவகச்சேரியில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் பேன் இல்லாத பெண்பிள்ளை இருந்ததாக நினைவில்லை. எனக்குத் தலைமயிர் இடுப்புவரை இருந்ததால் பேன்களுக்கு என்னிடம் இடவசதி அதிகம். இதே குற்றத்துக்காகப் போன வருடந்தான் அம்மா, தையல் மெசின் லாச்சிக்குள் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து அக்காவின் முடியைக் கழுத்தோடு நறுக்கியிருந்தார். அன்றிலிருந்து என் பின்னலைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவின் முகத்தில் ஒரு பொறுமை தெரியும். தனக்குத் துணை வரும் நாளை அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்திரை வருடப்பிறப்புக்குக் கனடாவிலிருந்து வந்த சித்தி, சொக்கிலேற் பைகளோடு ஒரு பேன் மருந்துப் போத்தலும் கொண்டுவந்தார். முழுப் போத்தலையும் ஒரே தலைக்கு ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். அம்மா ஓம் ஓம் என்று தலையாட்டினார். சித்தி ஏறிப்போன வான் வாசல் படலையைத் தாண்டியதுதான் தாமதம், அம்மா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு தலைக்கு ஒரு போத்தலோ? சாமானை விக்கிறதுக்கு உவங்கள் உப்பிடித்தான் எழுதுவாங்கள்."

வெள்ளிக்கிழமை தோறும் கிணற்றடியில் ஒரு மூடி மருந்து, ஒரு செம்பு தண்ணீர். முதல் வாரம் வெள்ளைத் துவாயில் பேன்கள் எள்ளுப்போலக் கொட்டின. அம்மாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எடுத்த மூடிக்குப் பதிலாக ஒரு மூடி தண்ணீரைப் போத்தலுக்குள் விட்டுக் குலுக்கி வைத்தார். அடுத்த வாரமும் அப்படியே. போத்தல் அட்சயபாத்திரம் ஆகிவிட்டது. நிறம் மட்டும் தேநீரிலிருந்து வெறுந்தண்ணீருக்கு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மருந்து நுரைக்குள்ளிருந்து ஒரு பேன் என் நெற்றியில் இறங்கி, அவசரமே இல்லாமல் புருவம்வரை நடந்து வந்தது.

"அம்மா, பாருங்கோ, உது குளிச்சுத் தோய்ஞ்சுபோட்டு வருது!" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தாமலே தீர்ப்புச் சொன்னார். "உதுகளுக்கு மருந்து பழகிப்போச்சு. எங்களுக்கு மிளகாய்த்தூள் உறைப்புப் பழகின மாதிரி."

அது எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பேனும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் குடித்து வயிற்றைப் பழக்கிக்கொள்வதாகக் கற்பனை செய்துகொண்டேன்.

அதற்குள் பள்ளிக்கூடத்தில் நவராத்திரி வாணிவிழா நடனத்துக்கு ஒத்திகை தொடங்கிவிட்டது. எட்டுப் பேர் சேர்ந்து ஆடும் தாமரை நடனம். நடுவில் நிற்பவளுக்கு நீண்ட பின்னல் வேண்டும் என்று நடன ரீச்சர் என்னைத் தெரிவு செய்திருந்தார். அந்த இடத்துக்காக நான் எதையும் செய்வேன். அம்மாவோ, விழாவுக்கு முன் பேன் போகாவிட்டால் கத்தரிக்கோல்தான் என்று சொல்லிவிட்டார். விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது லாச்சி திறக்கும் சத்தம் கேட்டது. நான் பின்னலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதறினேன்.

"வெட்டாதேங்கோ அம்மா! நான் நடுவிலை நிக்கவேணும்!"

அம்மா கத்தரிக்கோலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டுப் பேன்சீப்பை எடுத்தார். "அசையாமல் இரு. அழுதியெண்டால் வெட்டிப்போடுவன்."

அன்றிலிருந்து தினமும் பின்னேரம் தேங்காயெண்ணெய் தடவி, முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து, அடியிலிருந்து நுனிவரை இழுப்பார். வலியில் கண்ணில் நீர் முட்டும்; நான் வாயே திறக்கமாட்டேன். அரிசி புடைப்பதைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருப்பார், முதுகு நோகிறது என்று முனகுவார், ஆனால் ஒரு நாளும் தவறவிடவில்லை. சீப்பின் பல்லுக்கு மருந்துக்குப் பழகிய பேன், பழகாத பேன் என்ற பாகுபாடு கிடையாது. விழாவுக்கு முதல்நாள் என் தலை துப்பரவாயிருந்தது. நான் பின்னலோடு நடுவில் நின்று ஆடினேன். அக்காதான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். அவள்மேல் நான் வைத்திருந்த சந்தேகமெல்லாம் அன்று கரைந்துபோனது.

விழா முடிந்த சில நாட்களில் நடனமாடிய மற்ற ஏழு பேரின் தாய்மாரும் சந்தையில் அம்மாவிடம் புலம்பத் தொடங்கினார்கள். வெளிநாட்டு மருந்தை முழுப் போத்தலாக ஊற்றியும் பேன் சாகவில்லையாம். இப்போது வருவதெல்லாம் போலி என்று அம்மாவும் ஒத்துப் பேசினார். வீட்டுக்கு வந்து, "நல்ல காலம், நாங்கள் தப்பியிட்டம்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இயற்கைத் தேர்வு பாடம் வரும்போதெல்லாம் என் கை தானாகத் தலைக்குப் போகிறது. எந்தப் பேனும் எதற்கும் பழகவில்லை. தற்செயலாகத் தாங்கும் உடம்போடு பிறந்த சில, அம்மாவின் தண்ணீர் மருந்தில் தப்பின. தாங்க முடியாதவை துவாயில் கொட்டின. மிஞ்சியவைதான் ஈர் இட்டன. பிள்ளைகளும் பெற்றோரைப் போலவே பிறந்தன. வெள்ளிக்குவெள்ளி எங்கள் கிணற்றடியில் தேர்வு நடந்திருக்கிறது. போன மாதம் இதை அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் நல்லாய்த்தான் வளர்த்திருக்கிறன்" என்றார்.

ஒத்திகையின் முதல் வாரத்தில் நடன ரீச்சர் எடுத்த படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வெள்ளைச் சீருடையில் எட்டுச் சிறுமிகள், தாமரை மொட்டாகக் குவிந்து, தலையோடு தலையை முட்டிக்கொண்டு சிரிக்கிறோம். மற்ற ஏழு தலைகளும் என் தலையில்தான் சாய்ந்திருக்கின்றன. நடுவில் நிற்பவள் நான் என்பதைத் தவிர வேறெதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.