டிரைவர் ரெய்னோ ஹீட்டர் வாங்குகிறார்

ரெய்னோ ஹீக்கினென் பூட்ஸ் நுனியால் ஹீட்டரை ஓர் உதை விடுகிறார். அது குப்புற விழுகிறது. குனிந்து காதைக் கொடுத்துக் கேட்கிறார். சுடர் தானாக அணைந்தது உறுதியான பிறகுதான் நிமிர்கிறார்.

"இது பாஸ். அடுத்ததக் கொண்டா, பின்சீட்டு."

பின்சீட்டு என்பது ஹார்டுவேர் கடைக்காரர் டுவேன். ஐம்பது தாண்டிவிட்டது, தலை முழு வழுக்கை. ரெய்னோ எங்கள் ஏரிக்கரைச் சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். எண்பத்திரண்டு வயதிலும் எங்களை அன்று உட்கார்ந்த இடத்தை வைத்துத்தான் கூப்பிடுகிறார். நான் ஜன்னலோரம். எங்களுக்கு அவர் என்றைக்கும் டிரைவர்.

"டிரைவர், இப்படி உதைச்சா அப்புறம் இத யாரு வாங்குவா?"

"நீ பஸ் சீட்டக் கிழிச்சப்ப நான் ஏதாவது கேட்டனா?"

கேட்டிருந்தார். ஏரிக்கு அக்கரையிலும் காதில் விழும்படி கேட்டிருந்தார்.

இத்தனைக்கும் காரணம் போன குளிர்காலம். பனிப்புயலில் மின்சாரம் போய்விட்டது. வீட்டைச் சூடாக்கும் உலை கேஸில் ஓடினாலும் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். வேறு யாராவது என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள். ரெய்னோ கம்பளியையும் ஒரு வளையம் சாசேஜையும் எடுத்துக்கொண்டு கொல்லையில் இருக்கும் சவுனாவுக்குள் குடியேறிவிட்டார். வியர்த்துக் குளிப்பதற்கான அந்த மரக்குடிலில் விறகடுப்பு உண்டு. தொலைபேசி மட்டும் வீட்டிலேயே கிடந்தது. நகரத்தில் இருக்கும் மகள் மார்லீன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து, போலீஸை அனுப்பிவிட்டாள். வந்த அதிகாரி சவுனாக் கதவைத் திறந்தார்.

"கதவச் சாத்துடா ரெண்டாம் சீட்டு, குளிர் உள்ள வருது!"

ரெய்னோவின் உடம்பில் ஒரு நூல் கிடையாது. கையில் கடுகு விழுது தடவிய சாசேஜ் இருந்தது. விஷயம் பனிச்சறுக்கு வண்டியைவிட வேகமாக ஏரியைச் சுற்றி வந்தது.

மார்லீன் மட்டும் சிரிக்கவில்லை. "கரண்ட் இல்லாம எரியற ஹீட்டர் வாங்குங்க. நீங்களே தூக்கணும், நீங்களே பத்த வெக்கணும். விழுந்தா அணையணும், காத்து கெட்டா அணையணும். நான் வந்து என் கண்ணால பாப்பேன். சரியில்லன்னா அன்னைக்கே என்னோட கிளம்பிடணும்பா."

மகளின் வீடு நான்காவது மாடியில். "அங்க ஜன்னலத் தெறந்தா எதிர்வீட்டுக்காரன் டிவி தெரியுது. அவனும் உருப்படியா ஒரு படம் பாக்க மாட்டேங்கறான்" என்பது ரெய்னோவின் தரப்பு.

ஆகவே கடையே பரீட்சைக்கூடமானது. மண்ணெண்ணெய் ஹீட்டர் நல்ல கனமான சூடு தந்தது. மேலே கெட்டில்கூட வைக்கலாம். ஆனால் எண்ணெய் ஊற்றும்போது கை நடுங்கிச் சிந்தியது. "காபியெல்லாம் மண்ணெண்ணெய் வாசம். மண்ணெண்ணெய்ல காபி வாசம் வந்தாலாவது மன்னிப்பேன்." இரட்டை சிலிண்டர் ஹீட்டரைத் தூக்கப் பார்த்தார், அது அசையவில்லை. "இதத் தூக்க ரெண்டு பேர் வேணும். ரெண்டு பேர் இருந்தா ஹீட்டர் எதுக்கு? கட்டிப் பிடிச்சுக்கிட்டாப் போதுமே."

மற்ற கேஸ் ஹீட்டர்கள் பற்றவைக்கும் குமிழில் தோற்றன. சின்னச் சுடர் நிலைக்கும்வரை குமிழை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ரெய்னோவின் கட்டைவிரல் மூட்டு வீங்கியிருந்தது, அவ்வளவு நேரம் தாங்காது. கடைசியில் வந்தது ஒரு சிவப்புக் குள்ளன். குமிழ் தலையில் இருந்தது. கம்பளிக் கையுறையோடு உள்ளங்கையை வைத்துச் சாய்ந்தார். பற்றிக்கொண்டது.

"பாருடா! பிள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ற மாதிரி இருக்கு!"

உறைந்த ஏரிமேல் எங்கள் மீன்பிடிக் குடிலில் வெள்ளோட்டம். தரைத் துளையில் தூண்டிலைப் போட்டுவிட்டு நானும் ரெய்னோவும் கோட்டைக் கழற்றி வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தோம். அன்றே ஹீட்டருக்கு முன்சீட்டு என்று பெயர் சூட்டினார். அது அவர் யாருக்கும் தராத இடம்.

மார்லீன் வந்தாள். வந்ததும் வீட்டு மின்சாரத்தை நிறுத்தினாள், பாட்டரியில் ஓடும் நச்சுவாயு அலாரத்தை அலமாரிமேல் வைத்தாள், கோட்டைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்க நானும் டுவேனும் ஆஜர். ரெய்னோ உள்ளங்கையை வைத்தார். எரிந்தது. கைதட்டினோம். அறை இதமாகிக்கொண்டிருந்தபோது 'டிக்' என்று அணைந்தது. மறுபடி பற்றவைத்தார், மறுபடி 'டிக்'. டுவேன் புது சிலிண்டர் மாட்டினார். அதற்கும் 'டிக்'.

மார்லீன் எழுந்து உள்ளறைக்குப் போனாள். அலமாரி திறந்தது. அப்பாவின் கம்பளிச் சட்டைகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின.

"ஏரியில எரிஞ்சுதே! ஜன்னலோரம், நீயே சொல்லு, எரிஞ்சுதா இல்லையா?"

"எரிஞ்சுது டிரைவர். ஆனா அங்க தரையிலேயே ஓட்டை. சுவர்ல வேற."

ரெய்னோவின் பார்வை மெல்ல ஜன்னல்களுக்குப் போனது. இலையுதிர் காலத்தில் இங்கே எல்லாரும் குளிர் புகாமல் ஜன்னலில் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவோம். ரெய்னோ ஒட்டினால் அது முரசுத்தோல். தலைமுடி உலர்த்தியால் சுருக்கம் நீக்கி, ஓரமெல்லாம் டேப் போட்டு, கதவடியில் துணி திணித்து, சாவித் துவாரத்தில் மெழுகு வைத்து அடைப்பார். பார்க்க ஆள் வரும்.

"வீட்ட ஊறுகா ஜாடியாட்டம் மூடி வெச்சிருக்கீங்க" என்றார் டுவேன். "காத்து கெட்டா அணையணும்னு உங்க பொண்ணு கேட்டாங்க. அது சொன்ன பேச்சக் கேக்குது."

ரெய்னோ மீன் கத்தியை எடுத்தார். ஜன்னல் முன்னால் கொஞ்சம் தயங்கினார்.

"அழகா இருந்துச்சு, இல்ல?"

"ரொம்ப அழகா இருந்துச்சு, டிரைவர்."

பர்ரென்று கிழித்தார். ஜன்னலை இரண்டு விரல் அளவு உயர்த்தினார். சில்லென்ற காற்று ஒரு நாடாவாக உள்ளே வந்தது. உள்ளங்கையை வைத்தார். எரிந்தது. காத்திருந்தோம். யாரும் மூச்சுவிடவில்லை, இருந்த காற்றையெல்லாம் முன்சீட்டுக்கே விட்டுக்கொடுத்தோம். எரிந்துகொண்டே இருந்தது.

பையோடு வந்த மார்லீன் சுடரைப் பார்த்தாள், பிறகு ஜன்னலை. "ஜன்னலத் தெறந்து வெச்சுட்டு ஹீட்டர் போடற ஆள உலகத்துலயே இன்னைக்குத்தான் பாக்கறேன்பா."

"ரெண்டு விரல்தாம்மா. மூணாவது விரலுக்கு உன்னைக் கேட்டுத்தான் செய்வேன்."

அவள் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. போன வருஷத்து சாசேஜுக்கும் சேர்த்துச் சிரித்தாள். கண்ணில் நீர் வர, நெற்றி வியர்க்க, கோட்டு ஜிப்பை இறக்கினாள்.

ரெய்னோ அந்தக் கோட்டை வாங்கிக்கொண்டார். வாசலருகே ஆணி இருந்தது, அதில் மாட்டவில்லை. உள்ளறைக்குக் கொண்டுபோய், அலமாரியில் தன் சட்டைகள் காலிசெய்த இடத்தில் மாட்டி, கதவைச் சாத்தினார்.