பெரிய வியாழன் தலையசைப்பு

எங்கள் சர்ச்சின் பங்கு மக்களைப் போன்ற நல்ல பொய்யர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர்களுக்காக இன்றும் ஒவ்வொரு பூசையிலும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மண்ணூர்ப் பக்கம் வாடகை வீடு. அம்மா பிரசவத்தில் போய்விட, அப்பா வேறு குடும்பம் தேடிக்கொள்ள, அம்மாவின் அக்காவான பெரியம்மாதான் என்னை வளர்த்தார். அம்மாவோடு இலங்கையிலிருந்து படகில் வந்தவர். பகலில் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுவார். ஞாயிறானால் கோயில் பீடத் துணிகளைத் துவைப்பார்.

கோயில் வாசலில் சைக்கிள்களை ஒழுங்காக நிறுத்தும் வாட்ச்மேன் மாமாவும் அங்கிருந்து வந்தவர்தான். ஓரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் வேலை. மே மாத வெயிலிலும் கறுப்பு ஷூவைக் கழற்ற மாட்டார். உள்ளே வந்தால் கழற்ற வேண்டுமே, அதனால் பூசை முழுவதையும் வாசலிலேயே நின்று பார்ப்பார். சைக்கிளுக்குக் காவல் நிற்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு ஆரஞ்சு மிட்டாய் தருவார். பெரியம்மாவோடு மட்டும் பேச்சே கிடையாது.

ஈஸ்டருக்கு முந்தைய அந்தப் பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோலப் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு தொழிலாளர்களை உட்காரவைக்க ஃபாதருக்கு ஆசை. ஒருவருக்குக் கடைசி நேரத்தில் கம்பெனியில் ஓ.டி. போட்டுவிட்டார்கள். காலி நாற்காலியைப் பார்த்ததும் எல்லார் கண்ணும் வாசலுக்குப் போனது.

“வேணாம் ஃபாதர், விட்டுருங்கோ” என்று அவர் கெஞ்சினார். நம் ஆட்கள் விடுவார்களா? “இன்னாண்ணே, புதுப்பொண்ணாட்டம் வெக்கப்பட்டுகினு! வா!” என்று தோளைப் பிடித்து இழுத்து வந்து, உட்காரவைத்து, ஷூவையும் அவர்களே கழற்றினார்கள். அவ்வளவு பிரியம்.

தண்ணீர்ச் செம்பு பெரியம்மாவின் கையில் இருந்தது. அவர் ஊற்ற, ஃபாதர் குனிந்து கழுவிக்கொண்டே வந்தார். வாட்ச்மேன் மாமாவின் முறை வந்ததும் தண்ணீர் நின்றது. அவருடைய இடது காலில் நடுவிரல்கள் இரண்டும் ஒன்றாக ஒட்டியிருந்தன. பெரியம்மா அதையே பார்த்தார். பிறகு பித்தளைச் செம்பு மேலே போனது. அது இறங்கிய சத்தத்தில் பாட்டு நின்றுவிட்டது. தாம்பாளத்துத் தண்ணீர் சிவந்தது.

பெரியம்மா போலீசில் சொன்னது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அவர்கள் ஊரை ராணுவம் சுற்றி வளைத்து, எல்லாரையும் தலை குனிந்தபடி வரிசையில் நடக்கவைத்தது. வழியில் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகத்தை மூடிய சாக்கில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அவன் தலையசைத்தால் அந்த ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். பெரியப்பாவுக்கும் அவர்கள் மகனான, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அண்ணனுக்கும் அவன் தலையசைத்தான். இருவரும் திரும்பி வரவே இல்லை. குனிந்து நடந்த பெரியம்மா அவனுடைய காலை மட்டும் பார்த்திருந்தார்.

பெரியம்மா ஜெயிலில் இருந்த நாட்களில் நான் ஒரு வேளையும் பட்டினி கிடந்ததில்லை. காலையில் ஒரு வீட்டில் இட்லி, மாலையில் இன்னொரு வீட்டில் தலை பின்னல். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டவர் கேன்டீன் சூப்பர்வைசர். வேலைநேரத்தில் பெரியம்மாவைத் திட்டிக்கொண்டே இருந்த அதே மனுஷன். தண்டனை கிடைத்தால் அகதியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: பெரியம்மா போய்விடுவார்.

அவரோ கோர்ட்டில் எல்லாவற்றையும் சொல்லத் துடித்தார். “நான்தான் அடிச்சனான். ஏன் அடிச்சனான் எண்டு ஒருத்தராவது கேக்கட்டும்” என்றார். வக்கீல் தலையில் கைவைத்தார். “யம்மா, போலீசுல சொன்னது கோர்ட்டுல செல்லாது. ஆனா அங்க நீ வாயத் தொறந்தா இந்தக் கொயந்த நடுத்தெருவுல நிக்கும்.” பெரியம்மா என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாட்சி சொல்ல எங்கள் ஆட்கள் வந்தார்கள். குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஃபாதர் சொன்னார்; அது உண்மை. பாதம் கழுவப்பட்டவர்களோ, “கண்ண மூடிகினு ஜெபத்துல இருந்தேன் சார்” என்றார்கள், ஒருவர் பாக்கியில்லாமல். எங்கள் ஊரில் அத்தனை பக்தியா என்று நீதிபதி அவர்களை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

இரண்டு வாய்தாவுக்கு வராத வாட்ச்மேன் மாமா மூன்றாவதற்கு வந்தார். நெற்றியில் தழும்பு. “உங்கள அடிச்சது இந்தம்மாதானே?” என்று கேட்டார் அரசு வக்கீல். ஒரு தலையசைப்பு போதும். அவர் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார். வாயால் சொல்லச் சொன்னார்கள். “இவ இல்ல ஐயா” என்றார்.

பெரியம்மாவை விடுவித்துவிட்டார்கள். நான் வெளியே ஓடிப்போய் வாட்ச்மேன் மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “தேங்க்ஸ் மாமா” என்றேன். அவர் நிமிரவே இல்லை.

ஜெயிலில்கூட அழாத பெரியம்மா திரும்பும் பஸ்ஸில் வாய்விட்டு அழுதார். ஜெயித்துவிட்டோமே, ஏன் அழ வேண்டும் என்று கேட்டேன்.

“அண்டைக்கும் இப்பிடித் தலைய ஆட்டியிருக்கலாமே, பிள்ளை.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை வளர்ப்பதற்காக அவர் எதை விழுங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார் என்பதும் தெரியவில்லை. மாமாவுக்கு அடிபட்டதில் ஞாபகம் போயிருக்கும், நல்லவேளை என்று ஆறுதல் சொன்னேன். பெரியம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.