நேரில் வந்து சொன்னவர்

ஜெராட் மாமா இறந்துவிட்டார். கனடாவில், கல்கரி ஆஸ்பத்திரியில்.

இன்று பள்ளிக்கூடத்தால் வந்து பையை இறக்கும்போதே அம்மாவின் போன் அடித்தது. செய்தியைச் சொன்னவர் சேவியர் மாமா... அவரேதான்.

நாங்கள் இருக்கும் இந்தப் பலெர்மோவில் பலருக்கு இந்த இரண்டு பேரையும் தெரிந்திருக்கும். இங்கே கால்சாப் பகுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். வியா மக்வேதா தெருப் பக்கம் ஒரு ரெஸ்ரோரண்டில் என் அப்பாவோடு சேர்ந்து கோப்பை கழுவியவர்கள்.

பிறகு இருவரும் கனடா போனார்கள். ஜெராட் மாமா கல்கரியில் தனியாக இருந்தார். சேவியர் மாமா மலைகளுக்கு அப்பால், ரெவல்ஸ்டோக் என்ற சின்ன ஊரில். காரில் ஐந்து மணித்தியாலம்.

சில வருடங்களாக இருவருக்கும் கதை பேச்சு இல்லை. காரணம் ஒரு கலியாணம். சேவியர் மாமா தன் மகளின் கலியாணத்துக்கு நேரில் வந்து சொல்லாமல், கார்டை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்.

"வாசல் மிதிச்சுச் சொல்லாத கலியாணத்துக்கு நான் ஏன் போக?" என்று ஜெராட் மாமா போகவில்லை. என் வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். நம் ஆட்களுக்கு விளங்கும்.

போன ஓகஸ்டில் அம்மாவும் நானும் கனடா போனோம். மலைகளைக் காட்டுவதாக ஜெராட் மாமா சொல்லியிருந்தார். நான் லைப்ரரியில் ஒரு பயணப் புத்தகம் எடுத்து, மலைகளின் பெயர்களை எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன்.

ஒன்றுமே தெரியவில்லை... காட்டுத் தீ.

எங்கேயோ தூரத்தில் எரிகிறது என்றார்கள். ஆனால் ரோட்டின் இரண்டு பக்கமும் புகை. நடுப்பகலில் சூரியன் சின்னதாக, சிவப்பாக, கண் கூசாமல் பார்க்கக்கூடியதாக இருந்தது. கார்க் கண்ணாடியில் சாம்பல் விழுந்துகொண்டே இருந்தது.

மாமா அப்போதும் காட்டிக்கொண்டே வந்தார். "பிள்ளை, இடப்பக்கம் பார். அதிலை ஒரு பெரிய மலை நிக்குது."

"ஒண்டும் தெரியேல்லை மாமா."

"தெரியாட்டில் என்ன? நிக்குது. நம்பிக்கை இல்லையெண்டால் உன்ரை புத்தகத்தைக் கேள்."

புகையில் எல்லோரும் இருமினோம். அதனால் அவருடைய இருமல் மட்டும் தனியாகக் கேட்கவில்லை.

ஒரு ஏரிக்கரையில் நிறுத்தினார். அம்மா கட்டிக்கொண்டு வந்த புட்டை அவர் தொடவே இல்லை. தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். அக்கரை என்று ஒன்று இல்லாதது போல இருந்தது.

இந்தப் பதிவுக்கு மேலே போட்டிருக்கும் படம் அங்கே எடுத்ததுதான். மாமா மட்டும் நிற்கிறார். பின்னால் எல்லாம் சாம்பல் நிறம்.

"இனித் திரும்புவம் அண்ணை, பிள்ளைக்கும் தலையிடிக்குதாம்," என்றார் அம்மா.

"இன்னும் ஒரு இடம் காட்ட இருக்குத் தங்கச்சி."

அதன் பிறகு அவர் எந்த மலையையும் காட்டவில்லை. வழியில் திடீரென்று மூன்று பேரின் போன்களும் ஒரே நேரத்தில் அலறின. ஏதோ ஓர் ஊரைக் காலி பண்ணச் சொல்லும் அறிவிப்பு. நாங்கள் போகிற ஊர் இல்லை... மாமா வேகத்தைக் குறைக்கவே இல்லை.

ஒரு மர வீட்டின் முன்னால் கார் நின்றது. "ஐயோ, இது சேவியர் அண்ணையின்ரை வீடெல்லோ," என்று அம்மா என் கையைப் பிடித்தார்.

கதவைத் திறந்த சேவியர் மாமா "வா" என்று சொல்லவில்லை. கதவிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

"உள்ளை வரேல்லை. ஒரு விசேஷத்துக்குச் சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்," என்றார் ஜெராட் மாமா.

"ஏன், வாட்ஸப்பிலை அனுப்பியிருக்கலாமே? உன்ரை போன் பழுதே?"

ஜெராட் மாமா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நிற்க நேரம் எடுத்தது. "இது நேரிலைதான்ரா சொல்லோணும்."

"எப்ப விசேஷம்?"

"நாள் இன்னும் குறிக்கேல்லை. இந்த வருஷம் தாண்டாது எண்டு டொக்டர் சொல்லுறார்."

சேவியர் மாமா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவை முழுதாகத் திறந்தார்.

நானும் அம்மாவும் காருக்குப் பக்கத்தில்தான் நின்றோம். கடைசி வசனம் எனக்குக் கேட்டது. அம்மாவுக்குக் கேட்கவில்லை போல.

திரும்பி வரும்போது அம்மாவுக்குக் கோபம். "என்ன விசேஷம் அண்ணை? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சரியான தூரம் தங்கச்சி. நீங்கள் வரத் தேவையில்லை."

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோலத் தலையை மெல்ல ஆட்டினார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். எழுத்து ஒன்றும் ஏறவில்லை.

இன்று அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டார். காற்றின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

"ஜெராட் போயிட்டான் தங்கச்சி. நான் ரோட்டிலைதான் நிக்கிறன். சரியான ஸ்னோ. பனி சரியுமாம், மேலை பாதையைப் பூட்டப் போறாங்களாம். அதுக்கு முதல் கடந்திட வேணும்."

"இந்தப் பனிக்கையோ? அங்கை இன்னும் இருட்டெல்லோ, விடியட்டும், நில்லுங்கோ அண்ணை!"

"வாசல் மிதிச்சுச் சொன்னவன் தங்கச்சி. எப்பிடி நான் நிக்கிறது?"

அதோடு லைன் போய்விட்டது. அம்மா மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிறார். மணி போகவில்லை...

ஜெராட் மாமா, இங்கே இன்று வானம் துடைத்து விட்டது போல இருக்கிறது. ஜன்னலில் மலை முழுதாகத் தெரிகிறது.

சேவியர் மாமா வந்துகொண்டிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள்.